பாட்டு தேடும் முன் ஊரைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

வீடியோ எடுப்பவர்கள் ஒலி பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். நான் கும்பகோணத்தில் ஒலிப்பதிவு வேலை செய்பவன். மைக்செட் வாடகைக்கு விடும் வீட்டில் வளர்ந்தவன். கல்யாணம், கச்சேரி, திருவிழா, ஆவணப்படம் என்று எல்லாவற்றுக்கும் ஹெட்போனோடு போய் நிற்பதுதான் பிழைப்பு. வந்த கேள்விகளில் பாதி, "எந்த மியூசிக் போடலாம்?" என்று கேட்கின்றன. அதற்குப் பதில் எடிட்டிங் மேஜையில் கிடைக்காது. படம் எடுக்கிற இடத்திலேயே ஒலி சரியாகக் கிடைத்துவிட்டால், பாட்டு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பது தன்னால் தெரிந்துவிடும்.

கல்யாண வீடியோ எடுக்கிறேன் ஐயா. நாயனமும் தவிலும் சேர்ந்ததும் ஒலி உடைந்துவிடுகிறது. கெட்டிமேளம் வரும்போது வெறும் இரைச்சல்தான் மிஞ்சுகிறது. அந்த இடத்தில் சினிமாப் பாட்டைப் போட்டு மறைக்கிறேன். வேறு வழி உண்டா?
— ஒரு வீடியோகிராபர், குத்தாலம்

தம்பி, நீங்கள் எந்த ஊரில் தொழில் செய்கிறீர்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் திருவாவடுதுறை, நாயன மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். இந்தப் பக்கம் நரசிங்கம்பேட்டை, ஆச்சா மரத்தைக் கடைந்து நாயனம் செய்கிற ஊர். அந்த நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் வீடியோவைப் பார்க்கப்போகிறவர்களில் ராகம் தெரிந்த காது நிச்சயம் இருக்கும். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் வாசித்த மேளத்தை எடுத்துவிட்டு வேறு பாட்டைப் போட்டால், யார் வீட்டுக் கல்யாணம் என்றே தெரியாமல் போகும். அதனால் மறைக்க வேண்டாம், சரியாகப் பதியலாம்.

முதல் வேலை, கேமராவில் ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்கும் ‘ஆட்டோ’வை நிறுத்துங்கள். அய்யர் மந்திரம் சொல்லும்போது அது அளவை மேலே தூக்கி வைத்திருக்கும். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் எழுந்து தவில் இறங்கும்போது, உயர்த்தி வைத்த அந்த அளவிலேயே முதல் அடி விழும். உடையாமல் என்ன செய்யும்? உடைந்த பிறகு இயந்திரம் அவசரமாகக் குறைக்கும், மேளம் நின்றதும் மறுபடி மெல்ல ஏற்றும். உங்கள் பதிவில் ஒலி மூச்சிரைப்பது போல ஏறி இறங்குவது இதனால்தான்.

கையால் அளவு வையுங்கள். எதை வைத்து? காலையில் மல்லாரியோ ஆலாபனையோ வாசிப்பதை வைத்து அல்ல, கெட்டிமேளத்தை வைத்து. அன்றைக்கு மேளக்காரர்கள் வந்து உட்கார்ந்ததும் வணக்கம் சொல்லி, "அண்ணே, கெட்டிமேளம் கொஞ்சம் கொட்டிக் காட்ட முடியுமா, மைக் பார்க்கணும்" என்று கேளுங்கள். மறுக்கமாட்டார்கள், யாரும் கேட்பதில்லையே என்றுதான் அவர்களுக்கு வருத்தம். அந்தக் கொட்டு மீட்டரில் −6 டெசிபலை (0 என்பது ஒலி உடையும் எல்லை) தாண்டாத மாதிரி வைத்துவிட்டுக் கை எடுங்கள். மற்ற நேரத்தில் ஒலி சன்னமாகத் தெரியும். பரவாயில்லை, சன்னமாக இருப்பதை எடிட்டிங்கில் தூக்கலாம். உடைந்ததை ஒட்ட முடியாது.

இப்போது சில ரிக்கார்டர்களில் 32 பிட் ஃப்ளோட் என்று ஒரு வசதி வருகிறது. அளவு தப்பினாலும் பிறகு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மைக்கே தாங்காமல் உடைந்த ஒலியை அதுவும் காப்பாற்றாது. அந்த வசதி இல்லாதவர்கள் இரண்டாவது தடத்தில் அதே ஒலியை 10 அல்லது 12 டெசிபல் குறைத்துப் பதிந்துகொண்டே இருங்கள். பல ரிக்கார்டர்களில் இதற்குத் தனி ஏற்பாடு இருக்கிறது.

அடுத்தது மைக்கை எங்கே வைப்பது. நாயனத்தின் அணசுக்கு (விரிந்த அடிப்பகுதிக்கு) நேர் எதிரே மைக்கை நீட்டுவதை நிறைய இடத்தில் பார்க்கிறேன். நாயனத்தின் ஒலி அணசிலிருந்து மட்டும் வருவதில்லை. விரல் திறந்திருக்கிற துளைகளிலிருந்தும் வருகிறது. அணசுக்கு முன்னால் வைத்தால் சில சுரம் குத்தும், சில சுரம் அமுங்கும். நாலைந்து அடி தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்க்கிற மாதிரி, சற்று மேலிருந்து வையுங்கள். தவிலின் வலது பக்கமான வலந்தலை, கூடு (விரலில் மாட்டும் கெட்டி உறை) போட்ட விரலால் பேசுகிறது, இடது பக்கமான தொப்பி குச்சியால் முழங்குகிறது. ஒரு பக்கம் போய் நின்றால் ஒரு பாதிதான் கிடைக்கும். நேர் முன்னால் நில்லுங்கள். ஒரே மைக்தான் இருக்கிறது என்றால் நாயனக்காரருக்கும் தவில்காரருக்கும் நடுவில், நாயனத்துக்குச் சற்றுக் கிட்டே. தவில் எப்படியும் கேட்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மண்டபம் இன்னொரு தொல்லை. தரை டைல்ஸ், சுவர் வழவழப்பு, மேலே தகரமோ கான்கிரீட்டோ. இது தெருவில், கோயில் பிராகாரத்தில், திறந்த வெளியில் வாசிப்பதற்கென்றே உருவான வாத்தியம். நாலு சுவருக்குள் அடைத்தால் எதிரொலியோடு மோதும். தள்ளிப் போனால் மோதல்தான் அதிகம் பதிவாகும். கிட்டே வாருங்கள், அளவைக் குறையுங்கள். மாப்பிள்ளை அழைப்பு தெருவில் நடந்தால் அதுதான் பொன்னான வாய்ப்பு. அங்கே ஒரு உருப்படியை, அதாவது ஒரு முழுப் பாட்டை, விடாமல் பதியுங்கள்.

அந்த உருப்படிதான் உங்கள் வீடியோவின் பின்னணி இசை! அன்றைக்கு அந்த வீட்டுக்காக வாசித்த மோகனமோ கல்யாணியோ இருக்க, வெளியிலிருந்து எதற்கு? ஒன்று மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். படத்தை எத்தனை துண்டு வேண்டுமானாலும் வெட்டுங்கள், ஒலியை வெட்டாதீர்கள். ஒலியை ஒரே நீளமாகப் போட்டு, அதன் மேல் படங்களை மாற்றுங்கள். முடிக்க வேண்டிய இடத்தில் தாளத்தின் சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், முடியுங்கள். ராகத்தின் நடுவில் கத்தரி வைப்பது, வாசித்தவரின் வாயைப் பொத்துவதுதான்.

மன்னார்குடி பக்கம் நேரடி விதைப்பு பற்றி ஒரு விவசாயியைப் பேட்டி எடுத்தோம். பம்புசெட் சத்தமும் காற்றும் சேர்ந்து பேச்சே புரியவில்லை. மென்பொருளில் சுத்தம் செய்தால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகிறது.
— கல்லூரி மாணவி, மன்னார்குடி

நேரடியாகச் சொல்கிறேன் அம்மா, அந்தப் பேட்டியைத் திரும்ப எடுத்துவிடுங்கள். இரைச்சலை எடுக்கும் மென்பொருள், குரலோடு ஒட்டியிருக்கிற இரைச்சலை எடுக்கும்போது குரலின் தோலையும் சேர்த்துத்தான் உரிக்கும். லேசான ‘ம்ம்’ என்ற மின் இரைச்சலுக்கு அது நல்லது. பம்புசெட்டுக்கு உதவாது.

திரும்ப எடுக்கும்போது, பேச ஆரம்பிக்கும் முன்னால் ஹெட்போன் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேளுங்கள். நம் காது வேண்டாத சத்தத்தை ஒதுக்கிவிட்டுப் பேச்சை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். மைக்குக்கு அந்த அறிவு கிடையாது. அது கேட்பதை நீங்களும் கேட்டால்தான் இடத்தை மாற்ற வேண்டுமா என்பது தெரியும்.

மோட்டாரைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லலாம். மும்முனை மின்சாரம் இருக்கிற நேரத்தில், தண்ணீர் பாய வேண்டிய நேரத்தில், அப்படிக் கேட்க மனசு வராது, எனக்கும் வராது. அப்படியானால் மோட்டார் கொட்டகைக்குப் பின்பக்கம் போங்கள், வைக்கோல் போர் இருந்தால் அதன் மறைவுக்குப் போங்கள். வைக்கோல் போர் போல ஒலியை உறிஞ்சும் சுவரைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. அப்புறம் மைக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும் காலர் மைக்கை எடுத்து, மூன்றடி தள்ளி நிற்கிற கேமராவின் மைக்கை நம்பினால், 12 டெசிபல் போச்சு. மோட்டார் சத்தமோ அப்படியே இருக்கும். பேட்டிகளில் கெடுகிற ஒலியில் முக்கால்வாசி இந்தத் தூரத்தால்தான் கெடுகிறது.

காலர் மைக் குத்தும்போது தோளில் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பேசப் பேசத் துண்டு உரசும், அந்தக் கரகரப்பை எதாலும் எடுக்க முடியாது. துண்டை எடுத்துவிடச் சொல்ல வேண்டாம், அது அவர் உடுப்பு. "ஐயா, அந்தத் தோளுக்கு மாத்திப் போட்டுக்குங்க" என்றால் போதும்.

காற்றுக்கு வருவோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊர் நமது. மைக்கோடு வருகிற பஞ்சு உறை விசிறிக் காற்றுக்குத்தான் தாங்கும். நீளமான ரோமம் வைத்த உறை தேவை. அவர் முதுகு காற்று வருகிற திசையைப் பார்த்து இருக்கட்டும். மார்பில் இருக்கிற மைக்குக்கு அவர் உடம்பே மறைப்பு. ரிக்கார்டரில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ‘லோ கட்’டைப் போட்டுவிடுங்கள். காற்றின் மொத்தலும் மோட்டாரின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் அங்கேதான் இருக்கின்றன, ஆண் குரலுக்குக்கூட அதனால் பெரிய இழப்பு இல்லை.

கடைசியாக ஒன்று. பேட்டி முடிந்ததும் எல்லோரையும் ஒரு நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதியுங்கள். பேச்சை வெட்டி ஒட்டுகிற இடங்களில் விழும் ஓட்டையை அடைக்க அதுதான் வேண்டும். பம்புசெட்டையும் தனியாகப் போய் அருகில் நின்று பதியுங்கள். குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் விழுவதையும் சேர்த்து. பேச்சைக் கெடுத்த அதே சத்தம், அவர் பேசி முடித்து வயலைக் காட்டும்போது படத்துக்கு உயிர் கொடுக்கும்.

கல்லணை திறப்பு முதல் பாசனத்தின் கடைசிப் பகுதியான கடைமடைக்குத் தண்ணீர் வருவது வரை 8 நிமிடப் படம் எடுக்கிறேன். காவிரிக்கு எந்த மாதிரி இசை பொருத்தம்? புல்லாங்குழலா, வீணையா?
— ஒரு வாசகர், பூதலூர்

இந்தக் கேள்விக்காகவே இந்த இதழில் எழுத ஒத்துக்கொண்டேன் என்று சொல்லலாம். ஐயா, இசையை இப்போது முடிவு செய்யாதீர்கள். முதலில் தண்ணீர் என்ன சொல்கிறது என்று போய்க் கேளுங்கள்.

வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, சில நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும். மலரும் நெல்லும் தூவி ஷட்டரை ஏற்றுவார்கள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும் இடம் அது. அங்கே நின்று பதிந்தால் ‘ஓ’ என்ற ஒரே இரைச்சல் கிடைக்கும். நேரில் நின்றால் நெஞ்சில் அதிர்கிற அந்தச் சத்தம், செல்போன் ஸ்பீக்கரில் டி.வி. சிக்னல் இல்லாத இரைச்சலாகத்தான் கேட்கும். எல்லா அலைவரிசையும் ஒரே சமயத்தில் ஒலிப்பதால் வருகிற வினை. அதை ஒரு பத்து நொடி வைத்துக்கொள்ளுங்கள், போதும். ஷட்டரை விட்டு ஐம்பது அடி தள்ளி நடந்து, தண்ணீர் படிக்கல்லில் மோதுகிற இடம், தூணைச் சுற்றிச் சுழல்கிற இடம், கரையோரம் நாணலில் புகுகிற இடம் பாருங்கள். அங்கே தண்ணீருக்குத் தனித்தனி சொல் இருக்கும். அதைக் கிட்டே போய்ப் பதியுங்கள்.

அதைவிட முக்கியமானது கிளை வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவது. அதற்கு ஆர்ப்பாட்டம் எதுவும் கிடையாது. காய்ந்த மணலில் நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு நடக்கிற வேகத்தில் வரும். மணல் குடிக்கும்போது சின்னச் சின்னக் குமிழ் வெடிக்கும். வெடித்த களிமண் நிலத்தில் அது இன்னும் தெளிவாகக் கேட்கும். மைக்கைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தண்ணீர் வரப்போகும் வழிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நீங்கள் விலகிப் போய்விடுங்கள். உங்கள் செருப்புச் சத்தம் அதில் வேண்டாம். மாலை நான்கு மணிக்கு மேல் போனால் ரோட்டு லாரி குறைந்திருக்கும். விடியற்காலை இன்னும் நல்லது, கோயில் குழாய் ஸ்பீக்கர் ஆரம்பிக்கும் முன்னால்.

அப்புறம் கடைமடை. அங்கே தண்ணீரைவிட மனிதர் ஒலி முக்கியம். மதகு திருகும் இரும்புக் கீச்சு, மண்வெட்டி வரப்பை வெட்டும் சத்தம், "வந்திருச்சு, வந்திருச்சு" என்று யாரோ கத்துவது. சில நாள் கழித்துப் போனால் தவளை. ஒரே இடத்தை மூன்று தூரத்தில் பதிந்து வாருங்கள்: எட்டி, நடுவில், தொடுகிற கிட்டத்தில். எடிட்டிங்கில் எட்டியிருந்து கிட்டே வருவது போல இந்த மூன்றையும் கோத்தால், பார்ப்பவர் தண்ணீரோடு நடப்பார்.

இன்னொரு வழியும் சொல்கிறேன். படம் மாறுவதற்கு ஒன்றிரண்டு நொடி முன்னாலேயே அடுத்த காட்சியின் ஒலி வரட்டும். வறண்ட வாய்க்காலைக் காட்டிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் சத்தம் மெல்லத் தொடங்கினால், பார்ப்பவர் கண் தானாகத் தேடும். அதன் பிறகு தண்ணீரைக் காட்டுங்கள்.

இவ்வளவையும் டைம்லைனில் அடுக்கிவிட்டு, இசை இல்லாமல் முழுப் படத்தையும் போட்டுப் பாருங்கள். எங்கே மனசு இசை கேட்கிறதோ அங்கே மட்டும் வையுங்கள். என் அனுபவத்தில் 8 நிமிடப் படத்துக்கு ஒன்றரை நிமிட இசை தாராளம். வாத்தியம் எது என்று கேட்டீர்கள். ஒரே வாத்தியமாக இருக்கட்டும், இயற்கை ஒலியோடு ஒரே உயரத்தில் சண்டை போடாததாக இருக்கட்டும். பாயும் தண்ணீரின் ஒலி மேல் அலைவரிசைகளில் நிறைய இருக்கும். புல்லாங்குழலின் மூச்சுக் காற்று அதில் கரைந்து காணாமல் போகும். வீணையின் மந்தர ஸ்தாயி (தாழ்ந்த சுரங்கள்) அதற்குக் கீழே தெளிவாக நிற்கும். அதனால் இரண்டில் ஒன்று என்றால் வீணை. ஆனால் முதல் தண்ணீர் மணலில் வரும் அந்தக் காட்சியில் எதுவும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

என் மகள் தியாகராஜர் கிருதிக்கு ஆடிய வீடியோவை யூடியூபில் போட்டேன். காப்புரிமை கோரிக்கை வந்துவிட்டது. தியாகராஜர் 1847இல் சமாதி ஆனவர். அவர் பாட்டுக்கு யார் உரிமை கொண்டாடுவது? நாங்கள் திருவையாற்றுக்காரர்கள், மனசு ஆறவில்லை.
— ஒரு தாய், திருவையாறு

உங்கள் கோபம் புரிகிறது அம்மா. பாட்டுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. நம் சட்டப்படி இயற்றியவர் காலமாகி 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை. தியாகராஜர் கிருதி எல்லோருக்கும் பொது. ஆனால் ஒருவர் அதைப் பாடி, ஒரு நிறுவனம் ஒலிப்பதிவு செய்து வெளியிட்டால், அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. உங்கள் மகள் ஆடியது கேசட்டிலோ இணையத்திலோ எடுத்த பதிவுக்கு என்றால் கோரிக்கை வருவது நியாயம்தான்.

நேரில் பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம் வைத்து ஆடியிருந்தால் கதை வேறு. யூடியூபின் இயந்திரம் ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரே கிருதி, ஒரே ராகம், பக்கத்துச் சுருதி என்றால் தவறாகவும் பொருத்திவிடும். அப்படியானால் தயங்காமல் மறுப்புத் தெரிவியுங்கள், "இது எங்கள் குழு நேரில் பாடிய பதிவு" என்று எழுதுங்கள். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள். கோரிக்கை வந்ததால் சேனல் போய்விடும் என்று பயப்படாதீர்கள். கோரிக்கை வேறு, சேனலுக்கே விழும் எச்சரிக்கையான ‘ஸ்ட்ரைக்’ வேறு. பெரும்பாலும் கோரிக்கையால் விளம்பர வருமானம்தான் அவர்களுக்குப் போகும், சில சமயம் வீடியோ முடக்கப்படும்.

எல்லாக் கீர்த்தனையும் பொது என்று நினைத்துவிட வேண்டாம். பாபநாசம் சிவன் 1973இல் காலமானவர். அவர் பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு, நீங்களே பாடினாலும்.

கல்யாண வீடியோக்காரர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தை ஒட்டிய விழாவிலும் பாட்டு ஒலிக்க அனுமதிக்கிறது. மண்டபத்தில் ஒலிப்பதற்குத்தான் அது. அதே பாட்டை வீடியோவில் ஒட்டி இணையத்தில் ஏற்றுவதற்கு அது துணைக்கு வராது. அதற்குத்தான் மேலே சொன்னேன், உங்கள் மேளக்காரர் சம்மதம் கேட்டு அவர் வாசிப்பையே பயன்படுத்துங்கள். கடைசியில் அவர் பெயரையும் போடுங்கள்.

குரலுக்குப் பின்னால் இசை எவ்வளவு அளவு வைக்க வேண்டும்?
— திருவாரூரிலிருந்து இரண்டு பேர்

குரல் இருக்கும் இடத்தில் இசை 15 முதல் 20 டெசிபல் கீழே. சொல் உள்ள பாட்டைப் பேச்சுக்கு அடியில் வைக்கவே வேண்டாம், இரண்டு சொல்லையும் காது ஒரே நேரத்தில் கேட்காது. பேச்சின் தெளிவு 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. இசைத் தடத்தில் அந்தப் பகுதியைக் கொஞ்சம் இறக்கினால், மொத்த அளவைக் குறைக்காமலே குரல் மேலே வரும். முழுப் படத்தின் ஒலியையும் −14 எல்.யூ.எஃப்.எஸ். (சராசரி சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் சத்தமாக இருப்பதை யூடியூபே குறைத்துவிடும், ஆகவே சத்தத்தை ஏற்றி லாபமில்லை. கடைசியில் செல்போன் ஸ்பீக்கரில், டீக்கடை வாசலில் நின்று ஒரு முறை கேளுங்கள். பெரும்பாலானோர் அப்படித்தான் கேட்கப்போகிறார்கள்.

மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தை இரவு முழுக்க இரண்டு கேமரா, ஒரு தனி ரிக்கார்டரில் பதிந்தோம். ஆரம்பத்தில் பொருந்துகிற ஒலி, ஒரு மணி நேரத்தில் உதட்டோடு ஒட்டவில்லை.
— நாடகக் குழு நண்பர், தஞ்சாவூர்

ஒவ்வொரு கருவிக்கும் உள்ளே ஒரு கடிகாரம். அவை ஒன்றுக்கொன்று மிகச் சிறிய அளவில் விலகும், நேரம் போகப் போக வித்தியாசம் சேரும். எல்லாவற்றிலும் ‘சாம்பிள் ரேட்’டை (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பதை) 48,000 ஹெர்ட்ஸ் வையுங்கள். ஒன்றில் 44,100 இருந்தால் குழப்பம் கூடும். ஒவ்வொரு காட்சி தொடங்கும்போதும் ஒரு கைத்தட்டு. பதிவை ஒரே நீளமாக வைக்காமல் காட்சிக்குக் காட்சி நிறுத்தி ஆரம்பியுங்கள். செல்போனில் எடுத்திருந்தால் அதன் ஃப்ரேம் வேகமே நிலையாக இருக்காது, எடிட்டிங்குக்கு முன்னால் நொடிக்கு 25 ஃப்ரேமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவுக்கு ஒலி 5 ஃப்ரேம் தாமதமாக வந்து சேரும். திருவாரூர் ஆழித்தேரைத் தூரத்து மாடியிலிருந்து எடுத்தால் முட்டுக்கட்டை விழுந்த பிறகுதான் ‘டொம்’ வரும். அங்கேயும் ஒரு ரிக்கார்டரை வடத்துக்குப் பக்கத்தில் யாரிடமாவது கொடுத்து நிறுத்திவிடுங்கள்.

என் பாட்டி நடவுப் பாட்டும் ஒப்பாரியும் நன்றாகப் பாடுவார். மைக்கைப் பார்த்தால் வாயே திறப்பதில்லை. எப்படிப் பதிவது?
— ஒரு பேரன், வலங்கைமான்

முதலில் ஒன்று. ஒப்பாரியை வீட்டில் சும்மா பாடச் சொல்லாதீர்கள். சாவு விழாத வீட்டில் அது ஆகாது என்று நினைக்கிற தலைமுறை. அவர் மனசுக்கு ஒப்புக்கொண்டால் தோப்பிலோ களத்து மேட்டிலோ போய் உட்காரலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் நடவுப் பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியாமல் பதிவது மட்டும் வேண்டாம்.

நடவுப் பாட்டுக்கு அவரைத் தனியாக நாற்காலியில் உட்கார வைத்தால் வராது. அது குனிந்த முதுகோடு, கூட நாலு பேர் எடுத்துக் கொடுக்க வரும் பாட்டு. பழைய கூட்டாளிகள் இரண்டு பேரை வரவழையுங்கள். ரிக்கார்டரை ஓடவிட்டுவிட்டு ஊர்க்கதை பேசுங்கள். கையில் ஏதாவது வேலை இருக்கட்டும், கீரை ஆய்வது மாதிரி. ஒருவர் ஒரு அடியைத் தப்பாகச் சொன்னால் மற்றவர் திருத்தப் பாடுவார், அங்கிருந்து பிடித்துக்கொள்ளும். மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்துங்கள். பாடி முடித்ததும் "இன்னொரு தடவை" என்று கேட்காதீர்கள், மூச்சு வாங்கட்டும். எடிட்டிங்கில் எதிரொலி சேர்க்காதீர்கள், அடியில் கீபோர்டு போடாதீர்கள். அவர் சுருதி அவருடையது. கீபோர்டு சுருதிக்கு அதை இழுத்தால் பாட்டு செத்துவிடும். பதிவின் தொடக்கத்தில் ஊர், தேதி, பாடுகிறவர்கள் பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள், ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது அண்ணா. புது கேமரா வாங்கவா, மைக் வாங்கவா?
— புதிதாகச் சேனல் தொடங்கியவர், சீர்காழி

மைக்கும்கூட இரண்டாவதுதான். முதலில் காதை முழுசாக மூடும் நல்ல ஹெட்போன். அடுத்து ஒயர் வைத்த காலர் மைக். ஒயர்லெஸ் வசதிதான், ஆனால் கூட்டத்தில் சிக்னல் அறுபடும், பேட்டரி தீரும். மூன்றாவது, நீங்கள் பூம்புகார் கடற்கரைப் பக்கம் என்பதால் ரோம உறை. இவை போக மீதி இருந்தால் ஒரு சின்னத் தனி ரிக்கார்டர். கேமரா இப்போதைக்கு இருக்கிற செல்போனே போதும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.